அவன் பெயரில் ஒரு கோல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மெண்டில் இரண்டு வேலைகள் நடக்கும். மனைவி குசினியில் புட்டு அவிப்பாள். நான் பல்கனிக் கதவோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு, பிரான்சில் ஒரு சின்ன ஊரில் நடக்கும் உதைபந்தாட்டத்தைப் பார்ப்பேன். பார்ப்பேன் என்பது கொஞ்சம் பெரிய சொல். அந்த மைதானத்தில் கமரா கிடையாது. கைபேசியில் இரண்டு ஊர்ப் பெயர்கள் இருக்கும், நடுவில் இரண்டு பூச்சியங்கள். அதில் ஒரு பூச்சியம் ஒன்றாக மாறுமா என்று ஒன்றரை மணித்தியாலம் காத்திருப்பேன்.

"உதிலை அப்பிடி என்னத்தைப் பாக்கிறியள்? நம்பரைத்தானே," என்பாள் மனைவி.

நம்பரைத்தான். ஆனால் அந்த நம்பருக்குப் பின்னால் இருப்பதெல்லாம் எனக்குத் தெரியும். எங்களுக்கு ஒன்பது மணி என்றால் அங்கே பின்னேரம் மூன்று. ஆற்றங்கரையில் பொப்லர் மரங்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் அடியில் பனிப்புகார் எழும்பத் தொடங்கியிருக்கும். மைதானத்தின் ஆற்றுப்பக்க மூலை எப்போதும் சதசதவென்றிருக்கும், அங்கே உதைத்தால் பந்துக்கு முன்னால் சேறுதான் போகும். பதினான்காம் மாடியிலிருந்து கீழே பார்க்கிறேன். கார் பார்க் முழுவதும் ஸ்நோ. ஒருவரும் நடந்திராத வெள்ளை. பார்த்துக்கொண்டே இருந்தால் அது மெல்ல மெல்லப் பச்சையாகிவிடும். மனைவி புட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைக்கும் சத்தத்தில்தான் திரும்பவும் வெள்ளையாகும்.

அந்த கிளப்புக்கு ஒரு வலைப்பக்கம் உண்டு. அதில் 'எங்கள் வரலாறு' என்று ஒரு பகுதி. என்னுடைய பிரெஞ்சு சமையலறையில் படித்த பிரெஞ்சு. கரட் வெட்டச் சொன்னால் விளங்கும், இலக்கியம் விளங்காது. என்றாலும் அந்தப் பக்கத்தை எத்தனையோ தரம் வாசித்துவிட்டேன். இப்போது கண்ணை மூடினாலும் வரி வரியாக வரும்.

தொடக்கத்தில் அந்த ஊரில் இரண்டு அணிகள் இருந்தனவாம். ஒன்று மாதா கோயில் சாமியாருடைய அணி, அவர்களுக்கு வெள்ளை உடுப்பு. மற்றது பள்ளிக்கூட வாத்தியாருடைய அணி, அவர்களுக்குப் பச்சை. வாத்தியாருக்குக் கடவுள் பிடிக்காது, சாமியாருக்கு வாத்தியாரைப் பிடிக்காது. இரண்டு அணிகளும் ஒரே தண்ணிக் குழாயில் குடிக்கமாட்டார்கள். ஒரு பக்கத்து மாமன் மற்றப் பக்கத்து மருமகனோடு பேசமாட்டான். வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். இந்தச் சண்டையைப் பிடிக்க நாங்கள் பிரான்சுக்குப் போயிருக்கத் தேவையில்லை, எங்களிடமே தாராளமாக இருந்தது.

பிறகு முதலாவது பெரிய யுத்தம் வந்தது. இரண்டு பக்கத்துப் பெடியன்களும் போனார்கள். யுத்தம் முடிந்து, திரும்பி வந்தவர்களை எண்ணிப் பார்த்தபோது இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு அணிக்குத்தான் ஆள் இருந்தது. அதனால்தான் அந்த கிளப்பின் சட்டை இன்றைக்கும் ஒரு பாதி பச்சை, ஒரு பாதி வெள்ளை. இதை அந்தப் பக்கத்தில் யாரும் அழுது வடித்து எழுதவில்லை. 'ஆகவே ஒன்றாகச் சேர்ந்தோம்' என்று ஒரே வரியில் விட்டுவிட்டார்கள். அந்த வரியில் நான் ஒவ்வொரு தரமும் கொஞ்ச நேரம் நிற்பேன்.

பிறகு ஓட்டுத் தொழிற்சாலைக் காலம். தொழிற்சாலைக்காரர் ஓடு கொடுத்ததால் பார்வையாளர் கொட்டகைக்குக் கூரை வந்தது. ஒரு வருடம் ஆறு பெருகி மைதானத்தில் மீன் ஓடியது. ஒரு கோல் கம்பம் அடுத்த ஊருக்கு மிதந்து போய்விட்டது, அந்த ஊர்க்காரர் அதைத் திருப்பிக் கொடுக்க மறுத்தார்கள். பிறகு தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இளம் ஆட்கள் பட்டணத்துக்குப் போனார்கள். கிளப் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கியது. பெரிய கிண்ணம் எதையும் வென்றதாக அந்த வரலாற்றில் இல்லை. விழாமல் நின்றதுதான் அதன் வரலாறு.

அதற்குப் பிறகு வருகிறது நான் தேடிப்போகும் வரி. ஒரு பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றாலோ சமமாக முடிந்தாலோ கிளப் கீழ்ப் பிரிவுக்கு விழும். விழுந்தால் பக்கத்து ஊர் கிளப்போடு சேர்த்துவிடுவதாகப் பேச்சு. அதாவது, கோல் கம்பத்தைத் திருடிய அதே ஊர். மழையில், கடைசி நிமிடங்களில், 'எங்கள் இலங்கை நண்பர்' அடித்த ஒரேயொரு கோல் கிளப்பைக் காப்பாற்றியது. அங்கே ஒரு தமிழ்ப் பெயர், பிரெஞ்சு எழுத்தில், ஓரிரு எழுத்துத் தவறி இருக்கிறது.

அந்தப் பெயர் என்னுடையதல்ல. அந்தக் கோல் என்னுடையது.

நடந்தது இதுதான். நானும் அந்தப் பெயர்க்காரனும் அந்த ஊரில் ஒரு பேக்கரிக்கு மேலே ஒரே அறையில் இருந்தோம். அவனுக்கு அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டு கார்ட் கிடைத்துவிட்டது. எனக்கு ஒரு தரம் மறுத்து, அப்பீலில் கிடந்தது. அவன் பகலில் சந்தையில் மரக்கறிக் கடையில் நின்றான். நான் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில், யாரும் காணாத இடத்தில், கோப்பை கழுவினேன்.

ஒருநாள் கிளப்பின் பயிற்சியாளர் சந்தையில் அவனைப் பிடித்துவிட்டார். பெரிய மீசைக்காரர், தொழில் இறைச்சிக் கடை. "ஆள் காணாது, நீ விளையாட வா," என்று கேட்டிருக்கிறார். இவனுக்குப் பந்தைக் கண்டால் பயம். காலடியில் உருண்டு வந்தாலும் ஒதுங்கி வழி விடுவான். ஆனால் உலகத்தில் யார் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத பிறவி. மீசைக்காரர் படிவத்தை நீட்ட, இவன் பெயர் எழுதிக் கையெழுத்தும் வைத்து, படமும் கொடுத்துவிட்டு வந்து அறையில் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தான்.

"மச்சான், ஞாயிற்றுக்கிழமை நீ போ."

"விசரா உனக்கு? படம் உன்ரையெல்லோ?"

"அவைக்கு எங்கடை முகமெல்லாம் ஒண்டுதான்ரா. நீ போ. உனக்கு விளையாட்டு வரும்."

எனக்கு விளையாட்டு வரும் என்பது உண்மை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓரளவு விளையாடியவன். ஆனால் என் பெயர் எந்தக் கடதாசியிலும் வரக்கூடாத காலம் அது. அவன் பெயரில் போகலாம் என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. ஞாயிறு போனேன். மீசைக்காரர் கிளப் அட்டையில் அவன் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப அட்டையைப் பார்த்தார். பிறகு அதைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "ஒன்பதாம் இலக்கம்," என்று சட்டையை எறிந்தார். அவருக்குத் தெரிந்ததா தெரியாதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கூட வந்தான். யாராவது அடையாளக் கார்ட்டைக் கேட்டால் ஓடிவந்து ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டுமே. கிளப்காரர் அவனை என்னுடைய தமையன் என்று நினைத்துக்கொண்டார்கள். கயிற்றுக்கு வெளியே, ஆற்றுப்பக்கமாக, என் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். அந்தக் கோட்டின் உள்பையில்தான் என் வழக்குக் கடதாசிகள் எல்லாம் இருந்தன. அறையில் வைக்கப் பயம், உடுப்பு மாற்றும் இடத்தில் ஈரம், ஆகவே அவன் கையில். மைதானத்தில் யாராவது அவன் பெயரைச் சொல்லி என்னிடம் பந்து கேட்டால் முதல் சில வாரங்கள் அவன்தான் "ஆ?" என்று திரும்பினான். பிறகு பழகிவிட்டது. அவன் பெயரைச் சொன்னால் நான் ஓடினேன், அவன் நின்றான்.

அந்தக் கடைசி ஆட்டத்தை நான் எத்தனை தரம் நினைத்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆர்.டி. ரயிலில் வேலைக்குப் போன காலத்தில் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு நினைப்பேன். பல் வைத்தியரின் கதிரையில் வாயைத் திறந்துகொண்டு நினைத்திருக்கிறேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கொட்டகையின் ஓட்டிலிருந்து தண்ணி நூல் நூலாக ஒழுகியது. எங்கள் பக்கம் எல்லோரும் களைத்துப்போனார்கள். பந்து யாருடைய காலிலோ பட்டுத் தெறித்து, சேற்று மூலையிலிருந்து என்னிடம் வந்தது. மெதுவாக வந்தது. இவ்வளவு மெதுவாக ஒரு பந்து வருமா என்று நான் யோசித்தது நினைவிருக்கிறது. உதைத்தேன். பிறகு எந்தச் சத்தமும் இல்லை. வலையில் மழைத்துளிகள் ஒருமுறை சிலிர்த்து விழுந்ததைக் கண்டேன். அதற்குப் பிறகுதான் ஊரே அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது.

நான் கைகளை விரித்துக்கொண்டு மூலைக் கொடியை நோக்கி ஓடினேன். என் நினைவில் அப்படித்தான் இருந்தது.

அன்று பின்னேரம் கிளப் அறையில் எல்லோரும் என்னைத் தூக்கினார்கள். தூக்கித் தூக்கி அவன் பெயரைச் சொன்னார்கள். அவன் ஒரு மூலையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அந்தக் கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது, அவனுடைய பெயரோடு. அவன் அதைக் கவனமாக வெட்டி, மடித்து, பேர்ஸில் வைத்தான். அதைக் கண்டதும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரேயொரு பெரிய காரியம் இன்னொருவனுடைய பேர்ஸுக்குள் போகிறதே என்று.

"பேர் உன்ரையா இருக்கலாம். கால் என்ரை," என்றேன்.

அதோடு நான் விடவில்லை. "பந்தைக் கண்டா ஓடுற உனக்கு பேப்பரிலை பேர். நல்லா வைச்சிரு," என்றேன். இன்னும் சிலதும் சொன்னேன், அவை எழுதக்கூடியவை அல்ல. கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது, அது இன்றைக்கும் அப்படித்தான். அவன் பேர்ஸை மூடிவிட்டு இறங்கிப் போய் பேக்கரிப் படியில் நெடுநேரம் இருந்தான். அதன் பிறகு பேசினோம், சமைத்தோம், ஒரே அறையில்தான் படுத்தோம். ஆனால் அந்தக் கோலைப் பற்றி அவனும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. சில மாதங்களில் எனக்குக் கனடா வழி கிடைத்தது, வந்துவிட்டேன்.

சில வருடங்கள் கழித்து அவனும் கலியாணம் கட்டி ரொறன்ரோ வந்தான். யூனியன்வில்லில் வீடு வாங்கினான். இரண்டு பிள்ளைகள். பகலில் ஒரு பக்டரி, இரவில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை. கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாவிலும் சந்திப்போம். "எப்பிடி மச்சான்?" "ஏதோ இழுபடுது மச்சான்." பேச்சு மோட்கேஜ் பற்றி, பிள்ளைகள் பற்றி, முழங்கால் நோ பற்றி. அந்த ஊர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு காலி நாற்காலியில் வந்து குந்தியிருக்கும், நாங்கள் அதைப் பார்க்காதது போலப் பேசுவோம்.

போன வசந்தத்தில் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்கப் போனேன். மெலிந்து, கட்டிலோடு கட்டிலாக இருந்தான். மருந்து மயக்கம். அவன் மனைவி அன்னாசி வெட்டித் தந்தார். நான் எழும்பும் நேரம் அவன் கண்ணைத் திறந்து, "இந்த முறையும் தப்பீட்டாங்கள் மச்சான்," என்றான்.

"மருந்திலை ஏதோ கதைக்கிறார், அண்ணை," என்றார் அவன் மனைவி.

மருந்து அல்ல. முந்திய ஞாயிறு எங்கள் கிளப் கடைசி ஆட்டத்தில் வென்று, விழாமல் தப்பியிருந்தது. அவனும் இத்தனை வருடமும், யூனியன்வில்லில் இருந்துகொண்டு, காலை ஒன்பது மணிக்கு அதே பூச்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு போன் எடுத்திருக்கலாம். அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. "ஓம் மச்சான், தப்பீட்டாங்கள்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. முதல் ஸ்நோ விழுந்த கிழமை அவன் போய்விட்டான்.

செத்தவீடு முடிந்து பத்தாம் நாள் அவன் மகள் போன் எடுத்தாள். இங்கே பிறந்தவள், கெட்டிக்காரி. எங்கள் ஆட்களிடையே முப்பத்தோராம் நாள் சாப்பாட்டோடு ஒரு நினைவு மலர் கொடுக்கும் வழக்கம் உண்டு. பழைய ஆட்கள் அதைக் கல்வெட்டு என்பார்கள். தேவாரம், வம்ச மரம், இறந்தவருடைய வாழ்க்கை வரலாறு எல்லாம் இருக்கும். என் புத்தகத் தட்டில் ஒரு அடுக்கு இருக்கிறது. எல்லாவற்றிலும் அன்னார் இன்முகத்துடன் எல்லோருடனும் பழகியிருப்பார். எல்லா அன்னாரும் இன்முகத்துடன் பழகினால் ஊரில் வேலிச் சண்டை பிடித்தது யார் என்று நான் மனைவியிடம் கேட்பதுண்டு.

"அங்கிள், பிரான்ஸ் பார்ட் நீங்கள்தான் எழுதோணும். அம்மாக்கும் ஒண்டும் தெரியாது. அதோடை... அங்கிள், அப்பா ஸொக்கர் விளையாடினவரா?"

அப்பாவின் பேர்ஸுக்குள் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைத் துண்டு கிடந்ததாம். அதை வைத்து கிளப்பின் பக்கத்தைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அங்கே அப்பாவின் பெயர்.

"ஐ வாஸ் க்ரையிங், அங்கிள். எனக்குத் தெரிஞ்ச அப்பா வேலைக்குப் போவார், வருவார், நித்திரை கொள்ளுவார். அவர் சத்தமாச் சிரிச்சே நான் காணேல்லை. லைஃபிலை அவருக்கு எண்டு ஒரு சந்தோஷமும் இருக்கேல்லை எண்டுதான் நினைச்சனான். இப்ப பாத்தா, ஒரு ஊரே அவரின்ரை பேரைச் சொல்லிக் கத்தியிருக்கு. அதைக் கட்டாயம் எழுதுங்கோ."

எழுதுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

இரண்டு நாள் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? செத்தவனிடமிருந்து ஒரு கோலைப் பறித்தெடுக்கிற கிழவன் ஆவேன். அதுவும் அவன் பிள்ளையின் கையிலிருந்து. சொல்லாவிட்டால்? என்னிடம் இருப்பது அந்த ஒன்றுதான். கோப்பை கழுவினேன், லொறி ஓட்டினேன், பெட்டி அடுக்கினேன். அதையெல்லாம் யாரும் செய்திருக்கலாம். அந்தப் பந்தை நான்தான் உதைத்தேன்.

மனைவிக்குக் கதை தெரியும். ஆயிரம் தரம் கேட்டவள். "குடுத்துவிடுங்கோவன்," என்றாள், உப்புப் போத்தலைத் தரச் சொல்வதுபோல. "அந்தப் பிள்ளையை விட ஒரு கோலே உங்களுக்குப் பெரிசாப் போச்சு?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் கூடுதலாக வந்தது. கடைசியில் எழுதினேன். 'மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், கடைசி நிமிடத்தில், அன்னார் அடித்த கோல்...' அன்னார் என்று எழுதும்போது கை நின்றது. பிறகு முடித்து, கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு யூனியன்வில்லுக்குப் போனேன். கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்த பிறகு மனம் ஒருவிதமாக லேசாக இருந்தது. வழியெல்லாம் ஸ்நோ மெல்லிதாக மிதந்துகொண்டிருந்தது, எது மேலே போகிறது எது கீழே வருகிறது என்று தெரியவில்லை.

மகள் கதவைத் திறந்ததும், "அங்கிள், சேர்ப்பிரைஸ்!" என்றாள். கிளப்புக்கு எழுதியிருக்கிறாள். அங்கே இப்போது செயலாளராக இருக்கிற பெண்மணி, அன்றைக்கு உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் எடுத்த, பிரசுரமாகாத படம் ஒன்றைத் தேடி எடுத்துப் பெரிதாக ஸ்கான் செய்து அனுப்பியிருக்கிறார். இவள் அதை இருப்பறை டிவியில் போட ஆயத்தமாக வைத்திருந்தாள்.

"நீங்கள் வந்தாப் பிறகு பாப்பம் எண்டு நான் இன்னும் பெரிசாக்கேல்லை."

படம் வந்தது. கறுப்பு வெள்ளை. மழை கீறல் கீறலாக விழுகிறது. படத்தின் நடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளை விரித்து ஓடுகிற ஒருவன். முதுகில் ஒன்பது.

"தட்ஸ் ஹிம்! முகம் தெரியேல்லை, பரவாயில்லை. அந்தத் தோளைப் பாருங்கோ, அங்கிள். தம்பிக்கும் அதே தோள்!"

என் தோளுக்கு யூனியன்வில்லில் ஒரு வாரிசு இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். "ஓம்," என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது என் கண் அந்த முதுகைத் தாண்டிப் போனது. அவன் ஓடிப்போகும் பக்கம் கயிறு தெரிந்தது. கயிற்றுக்கு அப்பால் குடைகளும் தொப்பிகளும். அவற்றுக்கு நடுவில் ஒரு மெல்லிய ஆள்.

"பிள்ளை, அது அப்பா இல்லை."

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வாட்? அப்ப ஆர்?"

"அது நான். எனக்குக் கடதாசி இல்லாத நேரம். அப்பான்ரை பேரிலை விளையாடினனான். பேர் அப்பான்ரை. கால் என்ரை."

அவள் முகம் அப்படியே இறங்கியது. "அப்ப அப்பா..." என்றாள். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. எழும்பி டிவிக்குக் கிட்டப் போய், விரலை வைத்தேன்.

"இஞ்சை. இதைப் பெரிசாக்கு."

அவள் பெரிதாக்கினாள். குடைகள் ஓரத்துக்கு ஒதுங்கின. அந்த மெல்லிய ஆள் திரை முழுவதும் வந்தான். அவன் நிலத்தில் இல்லை. சப்பாத்துக்கும் புல்லுக்கும் நடுவில் ஒரு முழம் காற்று. கண் இறுக மூடியிருக்கிறது, வாய் முழுவதுமாகத் திறந்திருக்கிறது. வலது கை தலைக்கு மேலே நீட்டியிருக்கிறது. அந்தக் கையில் என் கோட். உயிரை விட்டுக் குதிக்கிற நேரத்திலும், உள்பையில் என் கடதாசி இருக்கிறதே, மழையும் சேறும் படக்கூடாதே என்று, கோட்டைச் சுருட்டி உயரத் தூக்கிப் பிடித்திருக்கிறான்.

தேத்தண்ணித் தட்டோடு வந்த அவன் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உவர் ஏன் உப்பிடிக் குதிக்கிறார்?" என்றார் மெதுவாக. பிறகு, "சிரிக்கிறாரடி," என்றார் மகளிடம். தட்டை நிலத்தில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே இருந்துவிட்டார்.

மகள் திரைக்குக் கிட்டப் போய் நின்றாள். "அப்பா... யூ கேன் ஜம்ப்," என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலைக் கொடி படத்தின் இடது ஓரத்தில் தனியாக நிற்கிறது. நான் அந்தப் பக்கம் ஓடவில்லை. நான் நேரே அவனிடம்தான் ஓடுகிறேன். கோல் அடித்ததும் என் கால் யோசிக்காமல் போன இடம் அவன். அன்று பின்னேரமே அதை நான் மறந்துவிட்டேன். என் கோலைத் திருடிவிட்டான் என்று இத்தனை வருடமும் ஒருவனோடு கோபித்துக்கொண்டிருந்தேனே, அந்த ஆள் இங்கே எனக்காக வானத்தில் நிற்கிறான்.

மடித்து வைத்த கடதாசியை நான் வெளியே எடுக்கவில்லை. அவர்கள் வீட்டு மேசையிலேயே புதிதாக எழுதினேன். அன்னார் என்று எழுதாமல் அவன் என்றே எழுதினேன். யார் பந்தை உதைத்தது, யாருடைய பெயர், யார் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது எல்லாவற்றையும் உள்ளபடி எழுதினேன். மகள் வாசித்துவிட்டு, கிளப்புக்கும் எழுதி உங்கள் பெயரைப் போடச் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அங்கே அவன் பெயர் இருக்கட்டும். ஊர் கத்தியது அந்தப் பெயரைத்தான்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் நல்ல சனம். நினைவு மலரின் நடுப்பக்கத்தில் அந்தப் படத்தை வெட்டாமல் முழுதாகப் போட்டிருந்தார்கள். கீழே மகள், தனக்குத் தெரிந்த தமிழில், ஒரு வரி எழுதியிருந்தாள்: 'கயிற்றுக்குப் பின்னால் காற்றில் நிற்பவர் எங்கள் அப்பா.' நான் வாழையிலைக்கு முன்னால் இருந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு ஆறிவிட்டது. பேக்கரிப் படியில் தனியாக இருந்த அவன் முதுகு கண்ணுக்கு முன்னால் வந்தது. அன்றைக்குப் படியிறங்கிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"மன்னிச்சுக்கொள்ளடா மச்சான்."

பக்கத்து இலையில் இருந்த பெடியன், என் கை தன்மேல் பட்டுவிட்டதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். முன்பின் தெரியாத பெடியன். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"பரவாயில்லை, அண்ணை," என்று சொல்லி, வடைத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டான்.

நான் ஒரு வடையை எடுத்தேன்.